வெளிநாடுகளில் அமெரிக்காவின் பேச்சு ஏன் எடுபடுவதில்லை? எதை மாற்றினால் எடுபடும்?

கேள்வி இதுதான்: உலகத்திலேயே பெரிய விளம்பரத் தொழிலும் சினிமாவும் சமூக ஊடக நிறுவனங்களும் அமெரிக்காவிடம் இருக்கின்றன. அப்படியிருந்தும் அதன் அரசும் ராணுவமும் தாங்கள் செய்வதை வெளிநாட்டு மக்கள் நம்பும்படி எடுத்துச் சொல்ல இருபது வருஷத்துக்கும் மேலாகத் திணறுவது ஏன்? அதை எப்படிச் சரிசெய்வது? ராணுவ, ராஜதந்திர வட்டாரங்களில் இந்த வேலைக்கு ‘ஸ்ட்ரேட்டஜிக் கம்யூனிகேஷன்’ என்று பெயர். அரசின் சொல்லும் செயலும் ஒன்றுக்கொன்று முட்டிக்கொள்ளாமல், ஒரே நோக்கத்தோடு வெளிநாட்டு மக்களைப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேசுகிறவர்களின் திறமைக் குறைவை நான் பெரிய காரணமாக நினைக்கவில்லை. முடிவு எடுக்கும் அறையில் அவர்களுக்கு நாற்காலி கிடையாது. எல்லாம் நடந்து முடிந்த பிறகு கூப்பிட்டு, ‘இதைக் கொஞ்சம் நல்லபடியாகச் சொல்லுங்கள்’ என்கிறார்கள். இது முதல் கோளாறு. உண்மையைச் சொல்ல வேண்டிய வேலையும் எதிரியை ஏமாற்றும் வேலையும் ஒரே வீட்டுக்குள் குடிவந்துவிட்டது இரண்டாவது கோளாறு. இந்த இரண்டையும் தொடாமல் புதுப்புது அலுவலகங்களாகத் திறந்துகொண்டே போனார்கள். திறந்த வேகத்தில் மூடவும் செய்தார்கள்.

முதல் கோளாறு புதிதல்ல. 1953-ல் அதிபர் ஐசனோவர் காலத்தில் ‘யூசியா’ என்ற அமெரிக்கத் தகவல் நிறுவனம் உருவானது. நம் ஊரில் யூசிஸ் என்று சொன்னது இதன் வெளிநாட்டுக் கிளைகளைத்தான். சென்னை அமெரிக்க நூலகத்துக்கு அந்தக் காலத்தில் போனவர்களுக்கு அந்தப் பெயர் நினைவிருக்கும். கென்னடி அதற்குத் தலைவராக நியமித்தவர் எட்வர்ட் மரோ, அன்றைக்கு அமெரிக்காவின் மிகப் பெயர்பெற்ற ஒலிபரப்புச் செய்தியாளர். 1961 ஏப்ரலில் கியூபாவின் பன்றி வளைகுடாவில் சிஐஏ நடத்திய படையெடுப்பு படுதோல்வி அடைந்தது. அப்படி ஒரு திட்டம் இருப்பதையே மரோவிடம் அரசில் யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. விமானம் தரையில் மோதும்போது மட்டும் கூப்பிடாதீர்கள், கிளம்பும்போதே எங்களையும் ஏற்றிக்கொள்ளுங்கள் என்ற பொருளில் அவர் கேட்டதாக இந்தத் துறையில் இன்றுவரை மேற்கோள் காட்டுகிறார்கள். அறுபது வருஷத்துக்கு மேலாக மேற்கோளாக மட்டுமே இருக்கிறது.

பனிப்போர் முடிந்ததும் இனி யாரிடம் என்ன பேச வேண்டும் என்ற மிதப்பில், 1999 அக்டோபர் 1-ம் தேதி யூசியாவைக் கலைத்து வெளியுறவுத் துறைக்குள் கரைத்துவிட்டார்கள். அடுத்த இரண்டு வருஷத்துக்குள் செப்டம்பர் 11 வந்தது. கையில் கருவி இல்லாத நேரத்தில் இந்த வேலைக்குப் பொறுப்பேற்றவர் சார்லட் பியர்ஸ், விளம்பர உலகின் பெரிய நிர்வாகி. வெளியுறவு அமைச்சர் காலின் பவல் அவர் நியமனத்தை நியாயப்படுத்திச் சொன்னது, அங்கிள் பென்ஸ் என்ற பிராண்டு அரிசியைத் தன்னை வாங்கவைத்தவர் அவர் என்று! அமெரிக்காவில் முஸ்லிம்கள் நன்றாக வாழ்கிறார்கள் என்று காட்டும் டிவி விளம்பரங்களை 2002 கடைசியில் அவர் குழு வெளியிட்டது. செலவு ஏறக்குறைய 1.5 கோடி டாலர். எகிப்து, ஜோர்டான், லெபனான் அரசு டிவிகள் ஒளிபரப்ப மறுத்தன. அந்த விளம்பரத்தில் பொய் எதுவும் இல்லை. ஆனால் கெய்ரோவில் டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி வேறு. அமெரிக்காவில் முஸ்லிம் எப்படி வாழ்கிறார் என்று அவர் கேட்கவில்லை. பாலஸ்தீனத்தில் என்ன நடக்கிறது, ஈராக்கில் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார்.

இதை ராணுவத் தலைமையகமான பென்டகனின் சொந்த ஆலோசனைக் குழுவே ஒப்புக்கொண்டது. பாதுகாப்பு அறிவியல் வாரியம் 2004-ல் கொடுத்த அறிக்கையில், முஸ்லிம்கள் நம் சுதந்திரத்தை வெறுக்கவில்லை, நம் கொள்கைகளைத்தான் வெறுக்கிறார்கள் என்று எழுதியது. 2009-ல் முப்படைத் தலைமைத் தளபதியாக இருந்த அட்மிரல் மைக் மல்லன் இன்னும் ஒரு படி மேலே போனார். தொடர்புப் பிரச்சினை என்று நாம் சொல்வதில் பெரும்பாலானவை தொடர்புப் பிரச்சினையே அல்ல, கொள்கையிலும் செயல்படுத்துவதிலும் உள்ள பிரச்சினை என்று ராணுவ இதழ் ஒன்றில் எழுதினார். சீருடையில் இருக்கும் ஒருவர் அதை எழுதியதே பெரிய விஷயம். எழுதிய பிறகும் அமைப்பு அசையவில்லை.

சரி, செயல் பேசும் என்பதற்கு நல்ல சாட்சி இருக்கிறதா? இருக்கிறது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு ஆபிரகாம் லிங்கன் என்ற விமானந்தாங்கிக் கப்பல் இந்தோனேசியாவின் ஆச்சே கடற்கரைக்கு அப்பால் நின்றுகொண்டு, ஹெலிகாப்டர்களில் தண்ணீரும் உணவும் இறக்கியது. ஈராக் போரை ஒட்டி 2003-ல் பியூ ஆய்வு மையம் எடுத்த கணிப்பில், இந்தோனேசியாவில் அமெரிக்காவைப் பற்றி நல்ல அபிப்பிராயம் வைத்திருந்தவர்கள் 15 சதவீதம்தான். 2005-ல் அது 38 ஆனது. எந்த விளம்பரமும் செய்யாத வேலை அது. ஆனால் இதை மிகைப்படுத்தவும் கூடாது. 2005 அக்டோபர் நிலநடுக்கத்தின்போது பாகிஸ்தானிலும் அமெரிக்கச் சினூக் ஹெலிகாப்டர்கள் மாதக்கணக்கில் பறந்தன. அங்கே அபிப்பிராயம் கொஞ்சம் ஏறி, சீக்கிரமே பழைய இடத்துக்கு வந்துவிட்டது. கொள்கை மாறாத இடத்தில் உதவிக்குக் கிடைக்கும் நன்றிக்கு ஆயுள் குறைவு.

இரண்டாவது கோளாறுக்கு வருகிறேன். இதுதான் இன்றைக்கும் ஆறாத புண்.

2001 கடைசியில் பென்டகனுக்குள் ‘மூலோபாயச் செல்வாக்கு அலுவலகம்’ என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். வெளிநாட்டு ஊடகங்களில் பொய்ச் செய்தியையும் நுழைக்கக்கூடும் என்று 2002 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் எழுதியதும், ஒரே வாரத்தில் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்டு அதை மூடினார். அலுவலகம்தான் மூடப்பட்டது. 2005 நவம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் இன்னொன்றை வெளியே கொண்டுவந்தது. அமெரிக்கப் படைவீரர்கள் எழுதிய கட்டுரைகளை லிங்கன் குரூப் என்ற ஒப்பந்த நிறுவனம் அரபியில் மொழிபெயர்த்து, யார் எழுதியது என்பதை மறைத்து, பாக்தாத் பத்திரிகைகளுக்குக் காசு கொடுத்துப் போடவைத்துக்கொண்டிருந்தது. அதே காலத்தில் வெளியுறவுத் துறை ஈராக்கியப் பத்திரிகையாளர்களுக்கு ஊடக அறம் பற்றிப் பயிற்சி வகுப்பு நடத்திக்கொண்டிருந்தது! அந்தக் கட்டுரைகளில் பெரும்பாலானவை உண்மைத் தகவல்கள்தான் என்று அதிகாரிகள் வாதாடினார்கள். இருக்கலாம். ஆனால் காசு கொடுத்த விஷயம் தெரிந்த நாளிலிருந்து, பாக்தாதில் அமெரிக்காவுக்குச் சாதகமாக நேர்மையாக எழுதிய உள்ளூர்ப் பத்திரிகையாளர் ஒவ்வொருவர் மேலும் ‘இவன் எவ்வளவு வாங்கினான்’ என்ற சந்தேகம் விழுந்தது. கூடவே உயிர் ஆபத்தும்தான்.

இதைவிட மோசமானது தடுப்பூசி விவகாரம். பின்லாடனைத் தேடும்போது சிஐஏ அபோட்டாபாத்தில் ஒரு மருத்துவரை வைத்துப் போலியாகத் தடுப்பூசி முகாம் நடத்தியது. அது 2011-ல் வெளியே தெரிந்த பிறகு, பாகிஸ்தானில் போலியோ சொட்டு மருந்து கொடுக்கப் போனவர்கள் மேலேயே சந்தேகம் திரும்பியது. ஊழியர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொலைகளுக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். தாலிபான்கள் தடுப்பூசியை எதிர்ப்பது அதற்கு முன்பே இருந்தது. ஆனால் அவர்கள் பேச்சுக்குக் கையில் ஒரு ஆதாரத்தைக் கொடுத்தது சிஐஏ. 2014-ல் வெள்ளை மாளிகை, இனிமேல் சிஐஏ தடுப்பூசித் திட்டங்களைப் பயன்படுத்தாது என்று எழுத்தில் வாக்குக் கொடுத்தது.

கவனிக்க: வாக்குறுதி சிஐஏவைப் பற்றி மட்டும்தான். பென்டகனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 2020-ல் கொரோனா உச்சத்தில், பிலிப்பைன்ஸ் மக்களிடம் சீனாவின் சினோவாக் தடுப்பூசியையும் சீன முகக்கவசங்களையும் பற்றிப் பயத்தைக் கிளப்பும் ரகசியப் பிரசாரத்தை அமெரிக்க ராணுவம் நடத்தியதை ராய்ட்டர்ஸ் 2024 ஜூனில் வெளியிட்டது. உள்ளூர் ஆட்கள் மாதிரி வேஷம் போட்ட முந்நூறுக்கும் மேற்பட்ட ட்விட்டர் கணக்குகள், தகாலோக் மொழியில் ஹேஷ்டேக். மத்திய ஆசியா, மேற்கு ஆசியப் பகுதிகளில் சீனத் தடுப்பூசியில் பன்றி ஜெலட்டின் இருக்கலாம் என்று செய்தி பரப்பினார்கள். 2021-ல் பிலிப்பைன்ஸ் மக்களுக்குக் கைக்கு முதலில் எட்டிய ஊசி சினோவாக்தான். வெளியுறவுத் துறையின் மூத்த அதிகாரிகள் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்க வேண்டிய கட்டாயம் ராணுவத்துக்கு இல்லை. ஏனென்றால், சீனாவுக்கும் ரஷ்யாவுக்கும் எதிரான இப்படிப்பட்ட வேலைகளில் வெளியுறவுத் துறையைத் தாண்டிப் போகலாம் என்று 2019-ல் பாதுகாப்பு அமைச்சராக இருந்த எஸ்பர் கையெழுத்திட்ட ஒரு உத்தரவு வழி திறந்துவிட்டிருந்தது.

பிலிப்பைன்ஸ் அமெரிக்காவின் மிகப் பழைய ஆசிய ராணுவக் கூட்டாளி. எதிரி நாடு அல்ல. அதன் மக்களின் உயிரைப் பற்றிய விஷயத்தில் கூட்டாளியே ரகசியமாக விளையாடினான் என்றால், அடுத்த நூறு அறிக்கைகளில் ‘நட்பு’ என்று எழுதி என்ன பயன்?

இவ்வளவும் செய்து பலன் கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. ட்விட்டரும் மெட்டாவும் நீக்கிய இதுபோன்ற அமெரிக்கச் சார்புப் போலிக் கணக்குகளை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்களும் கிராஃபிகா நிறுவனமும் 2022-ல் ஆராய்ந்தார்கள். ஆயிரம் பேருக்கு மேல் பின்தொடர்ந்த கணக்குகள் 19 சதவீதம்தான். பெரும்பாலான பதிவுகளுக்கு விரல்விட்டு எண்ணும் லைக்குகள். ஒப்பந்த நிறுவனம் எத்தனை பதிவு போட்டோம், எத்தனை துண்டறிக்கை வீசினோம் என்று கணக்குக் காட்டும், ராணுவம் பில்லைப் பாஸ் பண்ணும், யார் மனமாவது மாறியதா என்று யாரும் கேட்பதில்லை. எண்ண முடிந்ததை எண்ணுவது எல்லா அரசு அலுவலகத்திலும் இருக்கும் வியாதி என்றாலும், இங்கே அதன் விலை அதிகம்.

அப்படியானால் ராணுவம் உளவியல் நடவடிக்கையையே கைவிட வேண்டுமா? அப்படிச் சொல்ல மாட்டேன். போர்க்களத்தில் எதிரிப் படையைச் சரணடையச் சொல்லித் துண்டறிக்கை போடுவது, அவர்கள் தளபதியைத் திசைதிருப்புவது எல்லாம் பழைய, நியாயமான போர்முறை. கோடு எங்கே போட வேண்டும் என்றால், போர் நடக்காத நாட்டின் பொதுமக்களை நோக்கி ராணுவம் முகமூடி போட்டுக்கொண்டு பேசக் கூடாது. அப்படி ஏதாவது தேவை என்று நினைத்தால், அந்த நாட்டில் இருக்கும் அமெரிக்கத் தூதர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் கமிட்டிக்குத் தகவல் போக வேண்டும். உடல்நலம், தடுப்பூசி, பேரிடர் உதவி ஆகிய மூன்றும் எந்தத் துறைக்கும் தொடக் கூடாத இடங்கள் என்று சட்டத்திலேயே எழுதிவிடலாம். 2014 வாக்குறுதியில் விட்ட ஓட்டையை அடைப்பது கஷ்டமான வேலையே அல்ல.

அடுத்தது, தப்பு நடந்தபின் முதல் வார்த்தை. 2015 அக்டோபர் 3-ம் தேதி ஆப்கானிஸ்தானின் குண்டூஸ் நகரில் ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பின் மருத்துவமனையை அமெரிக்க விமானம் தாக்கி 42 பேர் இறந்தார்கள். பக்கத்தில் தாக்கியதில் சேதம் ஏற்பட்டிருக்கலாம் என்றார்கள் முதலில். பிறகு, அமெரிக்கப் படைக்கு ஆபத்து வந்ததால் தாக்கினோம் என்றார்கள். அப்புறம் ஆப்கன் படை கேட்டுக்கொண்டது என்றார்கள். கடைசியில், முடிவு எங்களுடையது, தவறு என்றார்கள். நாலு நாளில் நாலு கதை. 2021 ஆகஸ்ட் 29-ல் காபூலில் டிரோன் தாக்குதலில் ஏழு குழந்தைகள் உட்பட பத்து பொதுமக்கள் இறந்தார்கள். இலக்கு வைக்கப்பட்டவர் ஒரு அமெரிக்க உதவி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். நியாயமான தாக்குதல் என்று தலைமைத் தளபதி மில்லி சொன்னார். நியூயார்க் டைம்ஸ் கண்காணிப்பு கேமரா காட்சிகளை வைத்து விசாரித்து எழுதிய பிறகு, செப்டம்பர் 17-ல்தான் தவறு என்று ஒப்புக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் செய்தித் தொடர்பாளரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. சம்பவம் நடந்த முதல் சில மணி நேரத்தில் உண்மை யாருக்கும் முழுதாகத் தெரியாது. ஆனால் தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லச் சொல்லும் பழக்கம் மேலிருந்து வருகிறது. ‘தாக்குதல் நடத்தியது நாங்கள்தான். பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்று வரும் தகவலைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நாளை இதே நேரத்துக்குத் தெரிந்ததைச் சொல்கிறோம்’ என்று சொல்ல அதிகாரம், களத்தில் இருக்கும் கர்னல் மட்டத்திலேயே இருக்க வேண்டும். வாஷிங்டன் ஒப்புதலுக்குக் காத்திருந்தால் எதிர்த்தரப்பு போனிலேயே வீடியோ எடுத்துப் போட்டுவிடும். அடுத்த நாள் சொன்னபடி சொல்லவும் வேண்டும்.

ஆட்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2003-ல் முன்னாள் தூதர் எட்வர்ட் ஜெரேஜியன் தலைமையில் ஒரு குழு விசாரித்தபோது, வெளியுறவுத் துறை முழுவதிலும் அரபியில் உண்மையான சரளம் உள்ளவர்கள் 54 பேர்தான் என்று தெரியவந்தது. அதிலும் டிவி விவாதத்தில் நின்று பேசக்கூடியவர்கள் ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடியில் ஒருவர் ஆல்பர்ட்டோ ஃபெர்னாண்டஸ். அல் ஜசீரா போன்ற அரபு டிவிகளில் நூற்றுக்கணக்கான தடவை அரபியிலேயே வாதாடியவர். 2006 அக்டோபரில் ஒரு பேட்டியில், ஈராக்கில் அமெரிக்கா ஆணவத்தோடும் முட்டாள்தனத்தோடும் நடந்துகொண்டதுண்டு என்று சொல்லிவிட்டார். வாஷிங்டனில் ரகளை, இரண்டு நாளில் மன்னிப்புக் கேட்கவைத்தார்கள். எனக்கு இது மறக்க முடியாத உதாரணம். அந்த ஒரு வாக்கியத்தால்தான் அரபு நேயர்கள் அவர் சொன்ன மற்றதையும் காதுகொடுத்துக் கேட்டிருப்பார்கள். பிறகு தூதராகவும் ஆனார் என்பதால் அவர் வாழ்க்கை கெட்டுப்போகவில்லை. ஆனால் அதைப் பார்த்துக்கொண்டிருந்த இளம் அதிகாரி ஒவ்வொருவரும், பேட்டிக்குக் கூப்பிட்டால் எழுதிக் கொடுத்ததை வாசித்துவிட்டு வரக் கற்றுக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே மொழி படிக்கவைத்தால் மட்டும் போதாது. மொழி தெரிந்தவரை ஒரு வருஷத்தில் ஊர் மாற்றாமல் நாலைந்து வருஷம் விட்டுவைக்க வேண்டும். அவர் பத்து பேட்டியில் ஒன்றில் சறுக்கினால் தாங்கிக்கொள்ள மேலிடம் பழக வேண்டும்.

அரசுக் காசில் நடந்தாலே யாரும் நம்ப மாட்டார்கள் என்று சிலர் சொல்வார்கள். தமிழ் படிக்கிறவர்களுக்கு இதற்கு மறுப்பு வீட்டிலேயே இருக்கிறது. பிபிசி தமிழோசை 1941-ல் போர்க்காலத்தில் தொடங்கியது; பிபிசி உலகச் சேவைக்கு 2014 வரை பணம் கொடுத்தது பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சகம். இலங்கைப் போர்க் காலத்தில் கொழும்பு சொல்வதையும் புலிகள் சொல்வதையும் கேட்டுவிட்டு, எது நடந்தது என்று தெரிந்துகொள்ள லண்டன் பக்கம் ரேடியோவைத் திருப்பினார்கள் ஜனங்கள். பணம் யார் கொடுத்தாலும், செய்தியில் கைவைக்க முடியாத சுவர் ஒன்று நடுவில் இருந்தது. வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவும் 1942-ல் ஜெர்மன் மொழியில் முதல் ஒலிபரப்பிலேயே, செய்தி நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம், உண்மையைச் சொல்வோம் என்று சொல்லித்தான் ஆரம்பித்தது. 2025 மார்ச்சில் அதன் ஊழியர்களை ஒரேயடியாக விடுப்பில் அனுப்பினார்கள். எண்பது வருஷம் சேர்த்த நேயர்களை ஒரு வார இறுதியில் கைகழுவிய மாதிரிதான்.

நன்றாகச் செய்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2021 கடைசியிலிருந்து ரஷ்யா உக்ரைன்மேல் படையெடுக்கத் தயாராகிறது என்று உளவுத் தகவல்களை ரகசிய முத்திரை நீக்கி, ஒன்றன்பின் ஒன்றாக முன்கூட்டியே வெளியிட்டார்கள். தாக்குதலுக்குச் சாக்காகப் போலி வீடியோ தயாராகிறது என்றுகூடச் சொன்னார்கள். 2022 பிப்ரவரி 24-ல் படையெடுப்பு நடந்தபோது, ‘உக்ரைன்தான் ஆரம்பித்தது’ என்ற கதை ஐரோப்பாவில் எடுபடவில்லை. இங்கே உளவுத்துறை, வெளியுறவு, ராணுவம், செய்தித் தொடர்பாளர் எல்லோரும் தொடக்கத்திலேயே ஒரே மேஜையில் இருந்தார்கள். சொன்னது உண்மையாகவும் இருந்தது. அப்படியும் பல வாரங்கள் நிறையப் பேர் நம்பவில்லை. 2003 பிப்ரவரியில் ஐ.நா.வில் பவல் ஈராக்கின் ஆயுதங்களைப் பற்றிச் சொன்னது எல்லோருக்கும் நினைவிருந்தது. பத்தொன்பது வருஷம் கழித்தும் அந்தக் கடனுக்கு வட்டி கட்டினார்கள்.

கடைசியாகப் பணம். 2007-ல் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ், வெளியுறவுத் துறையின் ராஜதந்திர அதிகாரிகள் ஏறக்குறைய 6,600 பேர்தான், ஒரு விமானந்தாங்கிக் கப்பல் படைத்தொகுதியின் ஆள்பலத்தைவிடக் குறைவு என்று கன்சாஸில் ஒரு உரையில் வருத்தப்பட்டார். பாதுகாப்பு அமைச்சர் வேறொரு துறைக்குக் காசு கேட்பது அபூர்வம். நிலைமை அதற்குப் பிறகும் திரும்பவில்லை. வெளிநாட்டுப் பொய்ப் பிரசாரத்தை எதிர்கொள்ள வெளியுறவுத் துறையில் 2016-ல் தொடங்கிய மையத்தின் வருஷாந்தர பட்ஜெட் ஆறு கோடி டாலர் சுமார். 2024 டிசம்பரில் காங்கிரஸ் அதற்கு நீட்டிப்புக் கொடுக்கவில்லை, மிச்சமிருந்ததையும் 2025 ஏப்ரலில் மூடிவிட்டார்கள். பிலிப்பைன்ஸ் பிரசாரத்தில் வேலை செய்த ஒப்பந்த நிறுவனத்துக்கு 2024 பிப்ரவரியில் ராணுவம் கொடுத்த புதிய ஒப்பந்தம் 49.3 கோடி டாலர். அது பல வருஷங்களுக்கானது என்று வைத்துக்கொண்டாலும் பணம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது தெரிகிறது.

எங்கே ஆரம்பிப்பது என்று என்னைக் கேட்டால், 2019 உத்தரவை ரத்து செய்துவிட்டு, தூதரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் இப்படிப்பட்ட ஒப்பந்தத்திலிருந்து ஒரு டாலரும் அந்த நாட்டில் செலவாகக் கூடாது என்று நிதி ஒதுக்கீட்டு மசோதாவிலேயே ஒரு வரி சேர்ப்பேன். புது அலுவலகம் வேண்டாம், புது வாசகமும் வேண்டாம். தூதர் கையெழுத்துப் போட வேண்டும் என்றால், அவரிடம் முன்கூட்டியே சொல்லித்தானே ஆக வேண்டும்.